அண்ணனுக்கு சிடி4 எறங்கிருக்கு, மூணு மாசத்துக்கு ஒருக்க வெளிய டெஸ்ட் எடுக்கணுமா?

பாம்பன்காத்து:

வணக்கம். இத யார்ட்ட கேக்குறதுன்னு தெரியாம இங்க எழுதுறேன், ஊருக்குள்ள வாயத் தொறக்க முடியாது. எங்க அண்ணனுக்கு எச்ஐவி இருக்கு. விசைப்படகுல கடலுக்குப் போறாக, வீடு பாம்பன் பக்கம். ராம்நாடு பெரியாஸ்பத்திரில எச்ஐவி சிகிச்சை குடுக்குற ஏஆர்டி சென்டர்லதான் மாத்திரை வாங்குறாக, ராத்திரி ஒன்னு, டிஎல்டின்னு சொல்லுவாக. ஒழுங்காத்தான் சாப்பிடுறாக, அண்ணி விடமாட்டாக. ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்குற வைரல் லோடு டெஸ்ட் போன வருசம் எடுத்தப்ப வைரஸ் கண்டறியப்படலன்னு வந்துச்சு.

இப்ப என்னன்னா, முந்தி ஆறு மாசத்துக்கு ஒருக்க சிடி4 எடுப்பாக, அதான் எதிர்ப்பு சக்தி செல்லு ரத்தத்துல எத்தன இருக்குன்னு எண்ணுற டெஸ்ட், இப்ப ஒங்களுக்கு நல்லாருக்கு இனிமே சிடி4 வேணாம், வருசத்துக்கு ஒருக்க வைரல் லோடு மட்டும் போதும்னு சென்டர்ல சொல்லிட்டாக. அண்ணிக்கு மனசு கேக்கல, காசு மிச்சம் பண்ண நிப்பாட்டிட்டாகளோன்னு பயம், அதனால வெளிய ஒரு லேப்ல பணம் கட்டி எடுத்தோம். கடைசியா சென்டர்ல எடுத்தப்ப 612, இப்ப 470. லேப்ல இருந்தவரு எதிர்ப்பு சக்தி எறங்கிக்கிட்டே வருது, மூணு மாசத்துக்கு ஒருக்க பாத்தே ஆகணும்னு சொல்லி சிடி4, லிவர், கிட்னி, கொழுப்பு, வைட்டமின் எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜ் 4,800 ரூபாங்கிறாரு. அன்னைலருந்து அண்ணன் சரியா சாப்பிடல, தூங்கல. வர்ற மீன்பிடி தடைக்காலத்துக்கு வச்சிருந்த பணத்த எடுத்து கட்டிருவோமான்னு அண்ணி கேக்குறாக.

612 எப்படி 470 ஆகும், மாத்திரை கேக்கலயா? உண்மையிலேயே எந்த டெஸ்ட் அவசியம், எது இல்லாட்டியும் பரவால்ல? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, மீன்பாடு வேற சரியில்ல.

ஊதாமூடி:

தங்கச்சி, மொதல்ல அண்ணன சாப்பிடச் சொல்லுங்க. நான் லேப் டெக்னீசியன், இந்த மாவட்டத்துலதான் ரொம்ப வருசமா ரத்தம் எடுத்துக்கிட்டு இருக்கேன். டாக்டர் இல்ல, அதனால மாத்திரை விசயத்த டாக்டர்ட்டயே கேட்டுக்கங்க, ஆனா டெஸ்டப் பத்தி நான் தைரியமா சொல்லுவேன்.

470ங்கிறது நல்ல கணக்கு. 612லருந்து 470ங்கிறது வீழ்ச்சியும் இல்ல. சிடி4 ஒரே ஆளுக்கு காலைல ஒன்னு இருக்கும் சாயங்காலம் ஒன்னு இருக்கும், ரெண்டு நாள் காய்ச்சல் சளி அடிச்சிருந்தாலே எறங்கும், அதோட அது வேற மெஷின் இது வேற மெஷின். இருவது முப்பது சதவீதம் மேல கீழ ஆடுறது அந்த டெஸ்டோட குணம். அதனாலதான் ஒத்த நம்பர வச்சு யாரும் முடிவெடுக்க மாட்டாங்க.

இன்னொன்னு கேளுங்க. சிடி4 ட்யூப் ஊதா மூடி போட்டது, உள்ள ரத்தம் உறையாம இருக்க மருந்து இருக்கும். ரத்தம் விழுந்த ஒடனே எட்டுப் பத்து தடவ மெதுவா தலகீழா சாச்சு சாச்சு எடுக்கணும், வேகமா குலுக்கக்கூடாது, பாதி ட்யூப்போட விடக்கூடாது. சின்னக் கட்டி தட்டிருச்சுன்னாலும் கணக்கு கொறச்சுத்தான் வரும். முக்கியமா இத ஐஸ்ல வைக்கவே கூடாது. சாதாரண ரூம் சூட்டுல வச்சு ரெண்டு நாளுக்குள்ள மெஷின்ல ஓட்டணும். நம்ம பக்கம் எதக் குடுத்தாலும் ஐஸ் பெட்டில போட்டே பழகிட்டாங்க, மத்த சாம்பிளோட சேத்து ஐஸ்ல அமுக்கி மதுரைக்கு பஸ்ல ஏத்தி விட்டுருவாங்க, இல்லன்னா சித்திர வெயில்ல பைக் டிக்கில கெடக்கும், ரெண்டுமே செல்லுகள கெடுத்துரும். ஒங்க அண்ணனோட சாம்பிள் அப்படித்தான் போச்சுன்னு நான் சொல்லல, கலெக்சன் சென்டர்ல எடுத்து வெளியூர்ல ஓட்டுற டெஸ்டுல ட்யூப் எப்படிப் போச்சுன்னு கேக்குற உரிமை ஒங்களுக்கு இருக்குன்னு சொல்றேன்.

வைரல் லோடுக்கு நேர் மாறு. அதுவும் ஊதா மூடிதான், ஆனா அதே நாள்ல சென்ட்ரிபியூஜ்ல சுத்தி மேல நிக்கிற மஞ்சத் தண்ணி, பிளாஸ்மா, அத மட்டும் பிரிச்சு குளிர்ல வச்சு அனுப்பணும். லேட்டாச்சுன்னா முடிவு நம்ப முடியாது.

சிடி4 ஏன் நிப்பாட்டினாங்கன்னா அது கஞ்சத்தனம் இல்ல. சிடி4 350க்கு மேல, அதே சமயத்துல எடுத்த வைரல் லோடு ஒரு மில்லிக்கு 1000 காப்பிக்கு கீழ, இப்படி இருந்தா சிடி4 தொடர்ந்து எடுக்க வேண்டியதில்லன்னுதான் நேக்கோ, அதான் மத்திய அரசோட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, அதோட வழிகாட்டுதல். காத்து மாறுறது மொதல்ல கொடித்துணில தெரியும், அலைல பின்னாடிதான் தெரியும், அது கடலுக்குப் போற ஒங்க அண்ணனுக்கே தெரியும். வைரல் லோடு கொடி, சிடி4 அலை. மாத்திரை கேக்காமப் போனா மொதல்ல வைரஸ் ஏறும், சிடி4 எறங்க இன்னும் பல மாசம் ஆகும். வைரஸ் கண்டறியப்படலன்னு கையில பேப்பர் இருக்கப்ப சிடி4 140 கொறஞ்சதுக்காக எந்த டாக்டரும் மாத்திரைய மாத்த மாட்டாரு. மாத்தப் போறதில்லன்னா அந்த டெஸ்ட் எதுக்கு, அதான் நான் எல்லார்ட்டயும் கேக்குற கேள்வி. அடுத்த வைரல் லோடு 1000ஐத் தாண்டுனாலோ, ஒடம்புக்கு பெருசா ஏதும் வந்தாலோ அவங்களே மறுபடி சிடி4 எடுப்பாங்க.

4,800 கட்டாதீங்க. வைட்டமின் எல்லாம் இந்தக் கணக்குலயே வராது.

தொண்டிக்கரை:

தங்கச்சி, நானும் பாசிட்டிவ்தான். 2004 ஏப்ரல்ல அரசாங்கம் இலவச மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல தாம்பரம் சானடோரியத்துக்கு ராத்திரி ரயில் ஏறிப் போனவங்கள்ல நானும் ஒருத்தி, அப்ப நம்ம மாவட்டத்துல இதெல்லாம் கெடையாது. அதுக்கு முந்தி மாத்திரை காசுக்குத்தான். 2001ல சிப்லா கம்பெனி வருசத்துக்கு 350 டாலருக்கு மூணு மருந்தும் தர்றேன்னு எம்எஸ்எப்புங்கிற டாக்டர்கள் தொண்டு அமைப்புக்குச் சொன்னப்ப ஒலகமே ஆச்சரியப்பட்டுச்சு, ஆனா அந்த வெல கூட எங்க வீட்டுக்கு எட்டாத வெல. என் வீட்டுக்காரரு அப்படித்தான் போனாரு.

அந்தக் காலத்துல சிடி4 எடுக்கவே அலையணும். மெஷின் இல்லாத ஊர்ல என்ன பண்ணாங்க தெரியுமா, சாதாரண ரத்தப் பரிசோதனைல லிம்போசைட்டுங்கிற வெள்ளை அணு மொத்தம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு 1200க்குக் கீழ இருந்து நோய்க் குறியும் இருந்தா மாத்திரை ஆரம்பிக்கலாம்னு ஒலக சுகாதார நிறுவனமே சொல்லி வச்சிருந்துச்சு. இப்ப அப்படி எந்த நம்பருக்கும் காத்திருக்க வேணாம், 2017லருந்து எச்ஐவின்னு தெரிஞ்சா சிடி4 எவ்வளவு இருந்தாலும் மாத்திரை தொடங்கிரலாம்.

நான் சொல்ல வந்தது வேற. எந்த மாத்திரை சாப்பிடுறோமோ அதுக்குத் தகுந்த டெஸ்ட், அவ்வளவுதான். எனக்கு மொதல்ல குடுத்த ஸ்டாவுடின்ல கன்னம் ஒட்டிப் போயி காலு மரத்துச்சு, அதுக்கு எந்த லேபும் வேணாம், நர்ஸக்கா மொகத்தப் பாத்தே சொல்லிட்டாக. அப்பறம் சிடோவுடின்னு மாத்துனாக, கை நகமெல்லாம் கறுத்துச்சு, நடந்தா மூச்சு வாங்குச்சு, ஹீமோகுளோபின் பாத்தா ஆறுல நிக்கிது. அந்த ஹீமோகுளோபின் டெஸ்ட் எவ்வளவு சல்லிசு, அதுதான் அன்னைக்கி என்னைக் காப்பாத்துச்சு, சிடி4 இல்ல. இப்ப ஒங்க அண்ணன் சாப்பிடுற டிஎல்டில இருக்கது டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர். இதுல பாக்க வேண்டியது கிட்னி. அதுக்கு ரத்தத்துல பாக்குற கிரியேட்டினின் டெஸ்ட் போதும், அது சென்டர்லயே எடுக்குறாக, கேட்டு வாங்குங்க. சர்க்கரையும் எடையும் பாத்துக்கங்க, இந்தப் புது மாத்திரைல சில பேருக்கு எடை போடும்.

ஒன்னு மட்டும் அழுத்திச் சொல்றேன். கடலுக்குப் போறவக இடுப்பு வலி தோள்பட்ட வலின்னு மெடிக்கல்ல டைக்ளோபினாக் வாங்கிப் போடுவாக, ஊசி கூட போட்டுக்கிருவாக. டெனோபோவிரோட அது சேந்தா கிட்னிக்கு ஆகாது. அதுவும் வெயில்ல தண்ணி குடிக்காம கெடக்குற ஒடம்புக்கு. வலி மாத்திரை தேவைப்பட்டா சென்டர் டாக்டர்ட்ட கேட்டுட்டுப் போடச் சொல்லுங்க. நெஞ்செரிச்சல் மருந்து, இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை எல்லாம் டொலுடெக்ராவிரோட ஒன்னா முழுங்கக்கூடாது, ரத்தத்துல ஏறாது. எச்ஐவி மாத்திரைய ரெண்டு மணி நேரம் முன்னாடி, இல்லன்னா ஆறு மணி நேரம் கழிச்சுப் போடணும். இதுக்கெல்லாம் லேபே வேணாம், ஒருத்தரு ஒக்காந்து கேக்கணும், அம்புட்டுத்தான்.

பாம்பன்காத்து:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வலி ஊசி விசயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, அண்ணன் சீசன்ல அடிக்கடி போட்டுக்கிருவாக. லேப் ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தேன், கிரியேட்டினின் 1.1னு போட்டுருக்கு, சென்டர் பச்சை புக்குல பழையது 0.9ன்னு இருக்கு, அப்ப அது பழைய மாத்திரை. வயசு 42, எடை 55. ஏறிருக்கே, பயப்படணுமா?

பனங்காட்டுத்தம்பி:

நான் நர்சிங் படிக்கிறேன், சாயல்குடி பக்கம். ஊதாமூடி அண்ணே சொல்றத மறுக்கல, ஆனா ஒரு விசயம் உறுத்துது. பணக்காரனுக்கு மூணு மாசத்துக்கு ஒரு டெஸ்ட், நம்ம ஆளுகளுக்கு வருசத்துக்கு ஒன்னு போதும்னா அது எப்படி நியாயம் ஆகும். டெஸ்ட கொறைக்கிறத எல்லாரும் அறிவியல்னு சொல்லி ஏத்துக்கிட்டா, கொஞ்ச நாள்ல வைரல் லோடும் வேணாம்னு சொல்லிருவாங்கல்ல? ஒரு வருசம்ங்கிறது பெரிய இடைவெளி. இந்த டெஸ்ட் எடுத்த மறு மாசமே ஒருத்தர் மாத்திரைய விட்டா அடுத்த டெஸ்டுல தெரியிறதுக்குள்ள பதினோரு மாசம் வைரஸ் ஏறிக் கெடக்கும், வீட்டுல இருக்குறவங்களுக்கும் போயிரலாம். இலங்கை நேவி புடிச்சிட்டுப் போயி ஜெயில்ல போட்டா மாத்திரை இல்லாமப் போறவங்க நெலம என்ன, அவங்களுக்கும் வருசத்துக்கு ஒன்னுதானா?

ஊதாமூடி:

தம்பி கேக்குறது நல்ல கேள்வி, ஆனா அதுக்கு முன்னாடி தங்கச்சிக்கு சொல்லிர்றேன். டொலுடெக்ராவிர் ஆரம்பிச்ச மொத நாலு வாரத்துல கிரியேட்டினின் 0.1, 0.2 ஏறும், கிட்னி கெடுறதால இல்ல, கிரியேட்டினின் சிறுநீர்ல வெளியேறுற ஒரு வழிய அந்த மாத்திரை அடைக்கிறதால. ஏறி அங்கயே நின்னுக்கிரும். கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிற கணக்க நீங்களே போடலாம், 140லருந்து வயச கழிங்க, 98. அத எடை 55ஆல பெருக்குங்க, 5390. அப்பறம் 72ஐ 1.1ஆல பெருக்குனா 79.2, அதால வகுத்தா 68 வருது. பொம்பளைகளுக்குன்னா கடைசில 0.85ஆல பெருக்கணும். 50க்குக் கீழ எறங்குனாத்தான் டெனோபோவிர நிறுத்தி வேற மாத்துறதப் பத்தி யோசிப்பாங்க. 68 அவ்வளவு மோசமில்ல, ஆனா வலி ஊசி போடுறவருங்கிறதால பச்சை புக்க எடுத்துக்கிட்டு டாக்டர்ட்ட காட்டி இந்த ஊசி விசயத்த வாயத் தொறந்து சொல்லிருங்க, அடுத்த கிரியேட்டினின எப்பன்னு அவரே சொல்லுவாரு. எப்பயும் நல்லா தண்ணி குடிச்சிட்டு, கடல்லருந்து வந்த அன்னைக்கே எடுக்காம மறுநா எடுங்க.

சிறுநீர் பட்டை டெஸ்டும் கேளுங்க. ஒரு பட்டைய முக்கி எடுத்தா ஒரு நிமிசம். ரத்தத்துல சர்க்கரை சரியா இருந்து சிறுநீர்ல மட்டும் சர்க்கரை காட்டுனா டெனோபோவிர் கிட்னியோட குழாயத் தொட்டுருச்சோன்னு சந்தேகப்படலாம். அவ்வளவு சல்லிசான டெஸ்டுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு.

இப்ப தம்பிக்கு. நான் எல்லா டெஸ்டையும் கொறைக்கச் சொல்லல, தேவையில்லாதத கொறைச்சு அந்தக் காச வைரல் லோடுல போடச் சொல்றேன். உகாண்டாலயும் ஜிம்பாப்வேலயும் 3,316 பேர வச்சு டார்ட்டுன்னு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 2010ல முடிவு வந்துச்சு. ஒரு பாதிப் பேருக்கு மூணு மாசத்துக்கு ஒருக்க ரத்தம் லிவர் கிட்னி சிடி4 எல்லாம் பாத்து டாக்டர்ட்ட குடுத்தாங்க, இன்னொரு பாதிக்கு ஒடம்பப் பாத்து மட்டும், பெருசா ஏதும்னாத்தான் டெஸ்ட். அஞ்சு வருசம் கழிச்சு அவங்கள்ல நூத்துக்கு 90 பேரு உயிரோட இருந்தாங்க, இவங்கள்ல 87. பக்க விளைவுக்காக வழக்கமா எடுக்குற டெஸ்டால வித்தியாசமே வரல, ரெண்டாவது வருசத்துலருந்து சிடி4 பாத்ததாலதான் அந்தச் சின்ன வித்தியாசம். அதுலயும் வைரல் லோடு யாருக்கும் பாக்கல. அந்த மூணு பேரு உயிரு சும்மா இல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா மாத்திரை குடுக்க லேப் வேணும்னு காத்துக்கிட்டு இருந்திருந்தா ஆப்பிரிக்காவுல எத்தன லட்சம் பேரு போயிருப்பாங்கன்னும் யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்பறம் 2013ல ஒலக சுகாதார நிறுவனம் வைரல் லோடுதான் மொதல் தேர்வுன்னு சொல்லிருச்சு, நம்ம நாட்டுல 2018லருந்து எல்லாருக்கும் வழக்கமா இலவசமா எடுக்குறாங்க.

எனக்கு கோவம் எங்கன்னா, டெஸ்ட் எத்தன தடவங்கிறதுல இல்ல, எடுத்த முடிவு எவ்வளவு நாள் கழிச்சு வருதுங்கிறதுல. ரத்தம் இங்க எடுத்து, ட்யூப் வெளியூர் போயி, அங்க வரிசைல நின்னு, பேப்பர் திரும்பி வர்றதுக்குள்ள ஆளு கடலுக்குப் போயிருப்பாரு, போன் நம்பர் மாறிருக்கும். தென்னாப்பிரிக்கா டர்பன்ல 390 பேருக்கு கிளினிக்குலயே மெஷின வச்சு அன்னைக்கே முடிவச் சொல்லிப் பாத்தாங்க. வழக்கமான முறைல 76 சதவீதம் பேரு வைரஸ் அடங்கி சிகிச்சைல நீடிச்சாங்க, அங்கயே சொன்னப்ப 90 சதவீதம். அது ஜீன்எக்ஸ்பர்ட், நம்ம ஆஸ்பத்திரிகள்ல டிபிக்கு சிபிநாட்டுன்னு வச்சிருக்கோமே அதே மெஷின்தான், கேட்ரிட்ஜ் மட்டும் வேற, ஒன்னரை மணி நேரத்துல முடிவு. மெஷின் ஏற்கனவே ஒக்காந்திருக்கு. கேக்கணும்னா இதக் கேக்கணும் தம்பி, சிடி4ஐ இல்ல.

பனங்காட்டுத்தம்பி:

சிபிநாட்டுல வைரல் லோடு ஓட்டலாம்னு எனக்கு இப்பதான் தெரியும். காஞ்ச ரத்தப் பொட்டு அட்டை எடுத்து அனுப்புனா ஐஸ் பிரச்சனையே இல்லன்னு பாடத்துல படிச்சேன், அத ஏன் இங்க செய்யக்கூடாது?

ஊதாமூடி:

செய்யலாம். எச்ஐவி இருக்க அம்மாவுக்குப் பொறந்த கொழந்தைக்கு ஆறு வாரத்துல பாக்குற டெஸ்டுக்கு அந்த அட்டைதான் போகுது. அஞ்சு வட்டத்துலயும் ரத்தம் முழுசா நெறயணும், வெயில்ல வைக்காம நிழல்லயே பல மணி நேரம் காய விடணும், அப்பறம் சிலிக்கா பொட்டலத்தோட மூடி கவர்ல போட்டா தபால்லயே போகும். நம்ம கரைல ஈரக்காத்து, மழைக்காலத்துல துணியே காயாது, அட்டை எங்க காயும், அதத் தனியா கவனிக்கணும். இன்னொரு கொறை, அட்டைல ரத்தம் முழுசாப் போறதால செல்லுக்குள்ள இருக்க வைரஸையும் சேத்து எண்ணிரும், கம்மியா இருக்குறவங்களுக்கு கூடக் காட்டலாம். 1000ஐத் தாண்டிருச்சா இல்லயான்னு பாக்க உதவும், 50க்குக் கீழயான்னு பாக்க உதவாது. தீவுல, மலைல இருக்குறவங்களுக்கு ஒன்னுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்.

செலவக் கொறைக்க இன்னொரு வழியும் இருக்கு, அஞ்சு பேரு பிளாஸ்மாவ சம அளவுல ஒன்னாக் கலந்து ஒரே டெஸ்டா ஓட்டுறது. கலவைல 200க்குக் கீழ வந்தா அஞ்சு பேருல யாருக்குமே 1000ஐத் தாண்டலன்னு அர்த்தம், ஏன்னா ஒருத்தருக்கு 1000 இருந்தாலே அஞ்சாப் பங்கு 200 ஆயிரும். தாண்டுனா மட்டும் தனித்தனியா ஓட்டணும். பெரும்பாலானவங்களுக்கு வைரஸ் அடங்கியிருக்க ஊர்ல இது நெறைய மிச்சம் பண்ணும், பல நாட்டுல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க.

நம்பிக்கைமையம்:

நான் கவுன்சிலர், எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். ஜெயில் விசயத்த தம்பி எழுதுனதால நானும் எழுதுறேன், ஏன்னா இது நம்ம கரைக்கே உரிய பிரச்சனை.

வருசத்துக்கு ஒருக்கங்கிறது நல்லா இருக்குறவங்களுக்கு. புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு ஆறாவது மாசம், பன்னெண்டாவது மாசம், அதுக்கப்பறம் வருசா வருசம். இடையில வைரல் லோடு 1000 காப்பி தாண்டுனா ஒடனே மாத்திரைய மாத்துறதில்ல, மூணு மாசம் ஒக்காந்து பேசுவோம், எப்ப விட்டீங்க, ஏன் விட்டீங்க, குடி இருக்கா, வீட்டுல தெரியுமான்னு, அப்பறம் மறுபடி எடுப்போம். அப்பவும் 1000க்கு மேலன்னா மேல இருக்க டாக்டர் குழுவுக்கு அனுப்புவோம். நெறைய பேருக்கு அந்த மூணு மாசத்துலயே எறங்கிரும், மாத்திரை கெடல, சாப்பிடாம விட்டதுதான் காரணம். அக்கரைல புடிபட்டு மாத்திரை விட்டுப் போயிருந்தா திரும்பி வந்த ஒடனே சென்டருக்கு வரச் சொல்லுங்க, வருசக் கணக்குப் பாக்காதீங்க, எவ்வளவு நாள் விட்டாங்கன்னு மறைக்காம சொன்னாத்தான் நாங்க சரியான நேரத்துல டெஸ்ட் போட முடியும். திட்ட மாட்டோம்.

தங்கச்சி, அண்ணனோட வருசாந்திர வைரல் லோட தடைக்காலத்துல வர்ற மாதிரி கேட்டுப் பாருங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கட்டிக் கெடக்கும், ஒரு நாள் கூலி போகாது, முடிவு வாங்க திரும்ப வரவும் நேரம் இருக்கும். கொஞ்சம் முன்ன பின்ன நகத்துறது பெரிய விசயமில்ல, ஆனா தள்ளிக்கிட்டே போயிரக்கூடாது. நல்லா இருக்கவங்களுக்கு மூணு மாச மாத்திரை சேத்துக் குடுக்குறோம், பக்கத்து தாலுகா ஆஸ்பத்திரில லிங்க் சென்டர் இருந்தா அங்க மாத்திக்கிட்டா மாத்திரைக்குன்னு ராம்நாட்டுக்கு அலைய வேணாம். ஊர்ல தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு பயந்தா வேற மாவட்ட சென்டருக்கும் மாத்தலாம், கீழக்கரைலருந்து மதுரைக்குப் போறவங்க இருக்காங்க. மாத்திரை டப்பாவ படகுல இன்ஜின் ரூம் பக்கம் வைக்க வேணாம், தண்ணி புகாத டப்பால, உள்ள இருக்க ஈரம் உறிஞ்சுற பொட்டலத்த எடுக்காம வைக்கச் சொல்லுங்க.

ஒவ்வொரு தடவயும் இருமல், காய்ச்சல், எடை கொறயுறது, ராத்திரி வேர்க்குறதுன்னு நாலு கேள்வி கேப்போம், டிபிக்காக. சும்மா தலையாட்டிட்டுப் போயிறாதீங்க, காசே இல்லாத டெஸ்ட் அதுதான், எச்ஐவி இருக்கவங்கள நம்ம நாட்டுல அதிகமா கொல்றது டிபி.

அப்பறம் அந்த லேப்ல ஒங்க அண்ணன் பேரு, போன் நம்பர், எச்ஐவின்னு எழுதி வச்சிருப்பாங்க. 2017 எச்ஐவி சட்டப்படி ஒங்க சம்மதம் இல்லாம அத யார்ட்டயும் சொல்லக்கூடாது, கடைல ஒக்காந்திருக்க பையன்ட்ட கூட. சந்தேகம் இருந்தா எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அடிங்க, காசு இல்ல.

தொண்டிக்கரை:

கவுன்சிலரம்மா சொன்னதோட ஒன்னு சேத்துக்கிறேன். வைரஸ் கண்டறியப்படலன்னா ஒடலுறவு மூலமா அண்ணிக்குப் போகாது, அது இப்ப ஒலகம் பூரா ஏத்துக்கிட்ட உண்மை. அந்த ஒரு பேப்பருக்காகவாச்சும் வைரல் லோட ஒரு வருசமும் விடாதீங்க. அண்ணிட்ட அத எடுத்துச் சொல்லுங்க, அவுகதான் ரொம்ப பயந்துருக்காக போல.

பாம்பன்காத்து:

அண்ணிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். பேக்கேஜ் எடுக்கல. வெள்ளிக்கெழம ராம்நாடு போறோம், பச்சை புக்கு, லேப் ரிப்போர்ட்டு ரெண்டும் எடுத்துக்கிறோம், டாக்டர்ட்ட வலி ஊசி பத்தியும், வைரல் லோட தடைக்காலத்துக்கு மாத்துறது பத்தியும் கேக்கணும். சிறுநீர் பட்டை டெஸ்ட் சென்டர்ல எடுப்பாகளா, வெளிய எடுக்கணுமா ஊதாமூடி அண்ணே?

ஊதாமூடி:

ஆஸ்பத்திரி லேப்லயே எடுப்பாங்க, டாக்டர் சீட்டுல எழுதணும், கேட்டு எழுதி வாங்கிக்கங்க. காலைல மொத சிறுநீரா இருந்தா நல்லது. ஒம்பது மணிக்கு முன்னாடி போயிருங்க, வெள்ளிக்கெழம கூட்டம் இருக்கும்.